ஆற அமர

பத்துக் கிலோப் படிக்கல் ஒன்று,
ஐந்து ஒன்று,
பிறகு வெல்வெட் குழிகளில் கிராம்கள்.
பெட்டியின் பிடி என் உள்ளங்கையில்
இரண்டு வருடமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறது.
ரேகை பார்ப்பவர் யாரும் பார்த்தால்
வெளிநாட்டுப் பயணம் என்பார்.
அது கோட்டையிலிருந்து திருகோணமலை,
இரவு ரயில், இரண்டாம் வகுப்பு.

கல்ஓயாச் சந்தியில் வெகுநேரம் நின்றது.
அதற்கப்பால் யானைக்குப் பயந்து ஊர்ந்தது.
நான் ஊரவில்லை.
மடியில் கணினி சூடேற
அடுத்த செவ்வாய்க்கிழமைக்கே போய்விட்டேன்,
குருநாகலில் ஒரு சீமெந்துக் களஞ்சியத்துக்கு.
கண்ணாடியில் என் முகம்.
அதற்குப் பின்னால்
கந்தளாய்க் குளம் இருந்திருக்க வேண்டும்.

விடிய ஐந்தரை. லொட்ஜில்
முற்பணத்துக்கு ஒரு துண்டு தந்தார்கள்.
பஸ் நிலையத்துக்கு எதிரே
பிளேன்டீயும் ஒரு பணிசும்.
துண்டை வாங்கில் வைத்துவிட்டு
சார்ஜரைத் தேடிக் குனிந்தேன்.
நிமிர்ந்தால்
ஒரு மான் அதைத் தின்றுகொண்டு நிற்கிறது.
முத்திரை, கையெழுத்து, வற் இலக்கம்
எல்லாவற்றையும் நிதானமாக மென்றபடி,
கண்ணை என்மேல் வைத்தபடி.
"இஞ்சத்த மான் அப்பிடித்தான் மிஸ்" என்றார் கடைக்காரர்,
"போன மாசம் ஒராளின்ர லைசென்ஸ்."
கணக்குப் பகுதிக்கு இதை எப்படி எழுத?
ரசீது இல்லை. காரணம்: மான்.

கொட்பேயில் மீன் கொம்பனியின் தராசறை
பத்து மணிக்குத் திறந்தது.
வெளியே வெயில், உள்ளே ஐஸ் குளிர்.
கையுறை போட்டு
ஒவ்வொன்றாக மேசையில் இருத்தினேன்.
விரலின் எண்ணெய்கூட எடைதான்.
இனிச் செய்ய ஒன்றுமில்லை.
கையேடு, ஏழாம் பக்கம்:
தூர இடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட படிக்கற்களை
அறையின் வெப்பநிலைக்கு ஆறவிடுக.
குறைந்தது நான்கு மணித்தியாலம்.
அதுவரை தொடற்க.

எத்தனை தடவை ஒப்பமிட்டிருப்பேன் அந்தப் பக்கத்தில்.
உருக்குக்கு நான்கு மணித்தியாலம்
எழுதி ஒதுக்கியிருக்கிறார்கள்.
அதே ரயிலில், அதே குலுக்கலில் வந்த என்னை
இறங்கிய கையோடு
தட்டில் ஏற்றிவிடுகிறார்கள்.
ஏறுவதும் நான்தான்:
பதில் எழுதுவேன், பதிலுக்குப் பதில் எழுதுவேன்,
நெற்றியோரம் ஒரு நரம்பு துள்ளும்,
அதை ஒரு விரலால் அமத்திக்கொண்டு
மற்ற விரலால் இன்னொரு கோல்.

காவலாளி பைறூஸ் கதவைப் பூட்டி
திறப்பைச் சட்டைப்பையில் போட்டார்.
கணினி உள்ளே.
"கல்லு எங்கயும் ஓடாது மிஸ்,
நீங்க போய் இரிங்க."

கவிழ்த்த மீன்பெட்டி ஒன்றில் இருந்தேன்.
சப்பாத்தைக் கழற்றினேன்.
முதல் அரைமணி சுகமே இல்லை,
அடிக்காத போன் தொடையில் அதிர்ந்தது.
துறைமுகத் தண்ணீர் அசைகிறதா இல்லையா
என்று சொல்ல முடியாதபடி கிடந்தது.
கரையோரத் தோணியில் ஒருவர்
வலையிலிருந்து நண்டு கழற்றினார்.
ஒரு கால். நூல். மறுபடி ஒரு கால்.
அவரும் இழுக்கவில்லை,
நண்டும் விடவில்லை.

பதினொன்று இருபதுக்கு ஆனந்தவேல் சேர்.
"என்ன செய்யிறீங்கள் கௌசிகா?"
"ஆறவிட்டிருக்கிறன் சேர்."
"படிக்கல்லைத்தானே?"
ஒரு படகின் எஞ்சின் குறுக்கே போய் முடிந்தது.
"ஓம் சேர்."
"ரெண்டு மணிக்கு முதல் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்.
அவசரப்பட்டால் பொய்க் கணக்குத்தான் வரும்."
எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

தராசு மூன்று கிராம் கூடக் காட்டியது. திருத்தினேன்.
தலையிடி முழுதாகப் போகவில்லை.
இரவு மறுபடி அதே ரயில், அதே பிடி, அதே கோடு.
அறிக்கையில் மட்டும்
ஆறவிட்ட நேரம் என்ற கட்டத்தில்
நான்கு மணி பத்து நிமிடம் என்று எழுதினேன்.
அந்தப் பத்துக்குக் காரணம் கேட்க
அதில் கட்டமில்லை.
கடைசி நண்டு அப்போதும்
ஒரு காலை விடாமல் வைத்திருந்தது.