மூன்றாவது சிலிண்டர்

முன் சீட்டைத் தூக்கினால் ஆம்னியின் எஞ்சின்.
எட்டு வருடம் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்,
சித்திரையில் தொடை வெந்து,
மார்கழி விடியலில் அதே சூட்டுக்கு நன்றி சொல்லி.
இப்போது அங்கே ஒரு பள்ளம்.
அதன் வழியே தெரிவது முனிரத்தினம் பட்டறையின் தரை,
ஆயில் குடித்த மண், ஒரு பீடித்துண்டு.

முதலில் நீலப் புகை வந்தது.
பிறகு பாலக்கோடு போய்த் திரும்புவதற்குள் கால் லிட்டர் ஆயில்.
சப்பாணிப்பட்டி மேட்டில் வண்டி திணறி நின்ற அன்று
பின்னால் முப்பது கிலோ இட்லி மாவு.
அதற்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்,
தன் பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது.

கேஜ் மாட்டி அளந்தான் முனிரத்தினம்.
ஒன்று, நூற்றைம்பது.
இரண்டு, நூற்று நாற்பது.
மூன்றாவதில் முள் எழுபதோடு நின்றுவிட்டது.
"மூணுல ஒண்ணுதானே" என்றேன்.
"ஒண்ணுக்குப் போர் போட்டா மூணுக்கும் போடணும்க்கா.
பிஸ்டன், ரிங், பேரிங், லேத் கூலி,
இருபத்தெட்டாயிரம் ஆவும். பன்னெண்டு நாள்."
பிறகு, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே,
"தர்மபுரியில இலியாஸ் பாய்கிட்ட ரீகண்டிஷன் எஞ்சின் ஒண்ணு இருக்குது.
முப்பத்தாறு. எடுத்துட்டு வந்தா நாளைக்கே ஓடும்."

மாவு கவரின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்தேன்.
திம்மராயன் கணக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
"உன் வண்டி, உன் இஷ்டம்" என்றார்,
நாளை ஏதாவது ஆனால் சொல்லிக்காட்ட
ஒரு வாக்கியத்தைப் பத்திரப்படுத்துகிறவர் போல.

நாலு ரோட்டைத் தாண்டி, டயர் கடைக்குப் பின்னால்,
பலகைமேல் இருந்தது அது.
வெள்ளி பெயின்ட்.
போல்ட்டின் மேலும் பெயின்ட், நம்பரின் மேலும் பெயின்ட்.
"யார் வண்டியில இருந்தது?"
"அது எஞ்சினுக்கே தெரியாதும்மா."
நல்ல சிரிப்பு இலியாஸ் பாய்க்கு.
மூன்று மாதம் கேரண்டி, சீட்டில் எழுதித் தருவாராம்.
ஆர்.சி. புக்கில் நம்பர் மாற்ற ஆள் இருக்கிறதாம்.
"ஹெட்டைக் கழட்டிக் காட்டுவீங்களா?"
"சீல் உடைஞ்சா கேரண்டி போயிடும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.
போன ஆடியில் மூன்று நாள் மழை,
விற்காமல் நின்றது பதினொரு கிலோ.
அதில் புதிதாய் அரைத்தது இரண்டு பங்கு,
சோடா உப்பு ஒரு சிட்டிகை,
புதுக் கவர், புதுத் தேதி.
யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.
அகரம் டீச்சர் மட்டும் அடுத்த வாரம்
"இட்லி நல்லா வந்துச்சு" என்று ஒரு பாக்கெட் கூட வாங்கினாள்.
அன்றிலிருந்து அவள் முகம் பார்த்து
மீதிச் சில்லறை கொடுத்ததில்லை.
பிரித்துக் காட்டு என்று அவள் கேட்டிருந்தால்
நானும் சீலைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

அதனால் பாயைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
நல்ல எஞ்சினாகவும் இருக்கலாம்.
டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

காரிமங்கலம் தாண்டும்போது பஸ்ஸிலிருந்தே போன் செய்து
"போர் போட்டுடு" என்றேன்.
ஏன்க்கா என்றான்.
"இதுல எது கெட்டுதுன்னு தெரியுமில்ல."
சொல்லும்போது அது பெரிய காரணமாக இருந்தது.

இன்று ஐந்தாம் நாள்.
லேத்தில் மோட்டார் எரிந்துவிட்டதாம்,
பதினைந்தோ பதினெட்டோ ஆகுமாம்.
மிச்சமென்று நினைத்த எட்டாயிரத்தில்
பாதி ஏற்கெனவே கரைந்தாயிற்று.
ஆறு மணி டவுன் பஸ். டிபன் கடைகளுக்கு மட்டும் இரண்டு வாளி.
ஒவ்வொன்றுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர்
"பாம் ஏதும் இல்லையே" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.
தப்பு செய்துவிட்டேனோ என்று
ஒழுங்காக யோசிக்கவும் முடியவில்லை.
சப்பாணிப்பட்டி மேட்டில் பஸ் கியர் மாற்றுகிறது,
மாவு மூடியைத் தூக்குகிறது,
முழங்காலால் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.