அறுநூறு வோல்ட்

கீழே சுழலும் மின்மாற்றி. மேலே என் கட்டில்.
இண்டியானாவில், மக்காச்சோளத்துக்கு நடுவே
டிக்கெட் கிழிப்பதும் நான்,
கம்பிக்கு மின்சாரம் விடுவதும் நான்.
சம்பளம் மட்டும் ஒன்று.

நிலையத்தில் ஐந்து பல்புகள்,
ஒரே சரத்தில் கோத்தவை.
ஒன்று போனால் ஐந்தும் போகும்.
எது போனதென்று ஒவ்வொன்றாய்க் கழற்றித் தேடவேண்டும்
இருட்டில், ஏணிமேல், கெட்ட வார்த்தையோடு.

வண்டி கிளம்பும்போது வெளிச்சம் மங்கும்.
எனக்கெதற்குக் கால அட்டவணை?
லேசாய் மங்கினால் ஓடைப் பாலம்.
நன்றாய் மங்கினால் மேடேறுகிறது.
என் சூப்புக் கிண்ணமே தெரியாமல்
இழை மட்டும் சிவந்து நின்றால்
இரண்டு வண்டிகள், ஒரே நேரத்தில்.

வழியோரப் பண்ணைகளுக்கும் எங்கள் கம்பியே விளக்கு.
"உங்க வண்டி போறப்பல்லாம்
என் தையல் கோணுது" என்பாள் எல்வீரா புரூபேக்கர்.
மங்கியதும் ஊசியை நிறுத்துவாள்,
கடந்ததும் தொடர்வாள்.
அவள் கணவனின் சட்டைகளைப் பிரித்துப் பார்த்தால்
எங்கள் மாலை வண்டிகள் எல்லாம் அதிலிருக்கும்.

தண்டவாளத்தை ஒட்டியே
கான்கிரீட் சாலை போட்டார்கள்.
சிமெண்டு மூட்டைகளைச் சுமந்து வந்தது நாங்கள்தான்.
கூலி ரொக்கமாய் வந்தது.
அந்த வருஷத்தில் அந்த மாதம்தான் லாபம்.

எட்டு வண்டி ஐந்தானது, ஐந்து மூன்றானது.
மிஞ்சியவர்கள்: முட்டைக்கூடையோடு ஒரு விதவை,
டிராம்போன் பெட்டியை இருக்கையில் உட்காரவைத்துத்
தான் நிற்கும் பள்ளிக்கூடப் பையன்,
பியானோ சுருதி சேர்க்கும் ட்ரெஸ்லர்.
அவர் என் கதவருகே காதை வைத்துச் சொன்னார்:
"உன் மெஷின் போன வருஷத்தைவிட
ஒரு மயிரிழை கீழே பாடுது."
செலவு கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

ஓட்டுநர் ஆர்லோ டங்கல்பெர்க்
பால் லாரியோடு பந்தயம் விடுவான்.
திங்கள் ஜெயித்தான், செவ்வாய் ஜெயித்தான்.
புதன்கிழமை லாரிக்காரன்
கையசைத்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்;
வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தான்.
அன்று ஆர்லோ என் நிலையத்தில் இறங்கி
ஒரு குவளை தண்ணீர் கேட்டான்.
குடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசி நாள், எள் போட இடமில்லை.
ஒன்பது வருஷமாய் ஏறாதவர்களெல்லாம்
குழந்தைகளுக்குத் தலைவாரிக் கூட்டி வந்தார்கள்.
பித்தளைக் கொக்கிகளைக் கழற்றினார்கள்,
ஜன்னல் கைப்பிடி, இருக்கை எண்,
'இங்கே துப்பாதீர்' பலகை.
செத்த வீட்டில் பாத்திரம் எடுப்பதுபோல்.
திருடு என்று கத்த வாய்வரை வந்தது.
யாரோ ஒருத்தி, "அடுத்த வண்டி எப்போ?" என்றாள்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கத்தில்.

நள்ளிரவு. தொலைபேசியில் ஒரே ஒரு சொல்.
சுவிட்சை இழுத்தேன், நீலமாய் ஒரு பொறி.
மாற்றி உடனே நிற்கவில்லை,
தன் எடையிலேயே சுழன்றுகொண்டிருந்தது
பதினொரு நிமிஷம்.
எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்லமாட்டேன்.
கடிகாரம் எதிரில் இருந்தது, அவ்வளவுதான்.

பண்ணைகள் ஏழு மாதம் மண்ணெண்ணெயில் கிடந்தன.
பிறகு கூட்டுறவுக்காரர்கள் கம்பம் நட்டார்கள்.
எல்வீரா கார்டு போட்டிருந்தாள்:
"புது வெளிச்சம் நல்லாயிருக்கு. மங்கறதே இல்ல.
நேத்து ராத்திரி ரெண்டு மணிவரை தைச்சேன்.
நிறுத்துன்னு யாரும் சொல்லல."

நாற்பத்தொன்றாம் எண் வண்டியை,
சக்கரம் நீக்கி, முப்பது டாலருக்கு
ரூஃபஸ் கோஷார்ட் வாங்கிக் கோழி அடைக்கிறார்.
மணிக்கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டார்களாம்.
ராத்திரியில் கோழிகள் அதன்மேல் ஏறி உட்காரும்போது
மணி அடிக்கிறது.
ஓரடி என்றால் நில். ஈரடி என்றால் போ.
இத்தனை நாளும் ஓரடிதான்.
நேற்று இரண்டு கேட்டதாம்.
இரவுச் சட்டையோடு எழுந்து,
லாந்தரைத் தூக்கிக்கொண்டு
போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.