முள் அசையவில்லை

நன்றாகத்தான் ஓடுகிறது.
அதுதான் கொடுமை.
ஒரு இருமல், கொஞ்சம் கரும்புகை, பிறகு
சீராக ஆயிரத்து ஐந்நூறு சுற்று,
தரையில் வைத்த டம்ளர்த் தண்ணீர் நடுங்க.
வோல்ட் மீட்டரின் முள் மட்டும்
பூஜ்யத்தில் கிடக்கிறது,
வலையிலிருந்து எடுத்தெறிந்த பேத்தை மீன்போல.

பட்டாள ஏலத்தில் எடுத்தது.
பச்சை வண்ணம், வெள்ளையில் நீளமான நம்பர்,
மூடியின் உட்புறம் எவனோ ஒரு சிப்பாய்
ஆணியால் கீறிய இந்திப் பெயர்.
பதினோரு வருஷம் தார்ப்பாய்க்கடியில் இருந்ததாம்.
மொத்தமாக ஓடியது நாற்பது மணி நேரம்.
"புதுசுண்ணே" என்றான் தரகன்.
"பைத்தியமாடா நீ" என்றான் மச்சினன் ததேயு.
இரண்டு பேரையும் நான் நம்பவில்லை,
பணத்தைக் கட்டிவிட்டேன்.

புயல் கடந்து இது மூன்றாம் நாள்.
களிமண்குண்டு வரை கம்பங்கள் படுத்துவிட்டன.
கம்பெனி வண்டி விடிந்தால்தான்
பெரியபட்டினம் வந்து சேரும்.
அறைக்குள் நானூறு கிலோ நீலக்கால் நண்டு.
ஐஸ் சொட்டுகிற சத்தம்
என்ஜினையும் மீறி எனக்குக் கேட்கிறது.

மஃரிபுக்குப் பிறகு, கீழக்கரையிலிருந்து
ஸ்கூட்டியில் வந்தாள் முபீதா.
பின்சீட்டில் புருஷன், மடியில் கருவிப்பெட்டி.
அவனுக்குக் கரண்ட் என்றால் பயம்,
டார்ச் பிடிக்க வந்தவன்.

பிரேக்கரைத் தட்டிப் பார்த்தாள்.
கார்பன் பிரஷ்ஷை உருவி நகத்தால் சுரண்டினாள்.
வளையத்தில் பச்சையாக உப்பு பூத்திருந்தது,
உப்பை எடுக்கவும் உப்புத்தாள்தான்.
சுருள் சுருளாக அளந்தாள்,
எதுவும் அறுந்திருக்கவில்லை, எதுவும் கருகவில்லை.
ஓட்டினோம். பூஜ்யம்.

பிறகு தன் சின்ன மீட்டரை வைத்தாள்.
புள்ளி மூன்று.
"சாகலண்ணே" என்றாள்,
"மறந்துபோச்சு."

இரும்புக்குள் துளி காந்தம் தங்கியிருக்க வேண்டுமாம்.
அந்தத் துளியில்தான் முதல் வோல்ட் பிறக்கும்,
அது காந்தத்தை ஊட்டும், காந்தம் அதை ஊட்டும்.
துளியும் வற்றினால்
எத்தனை சுற்றினாலும் வெறும் சுற்றுதான்.
"உறைமோர் இல்லாத பால்ணே.
பன்னெண்டு வோல்ட் இருக்கா?"

இருந்தது, ததேயுவின் வள்ளத்தில்.
போன் போட என் விரலுக்குக் கூச்சம்.
போட்டேன்.
இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி
பேட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான்,
என்னைப் பார்க்காமல் இறக்கினான்.

என்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டர் வயர்களைக் கழற்றி,
வழியில் ஒரு ஆட்டோ பல்பைக் கோத்து
மூன்று எண்ணும் வரை தொட்டாள்.
நீலமாக ஒரு பொறி.
மறுபடி மாட்டி ஓட்டினால்
இருந்த புள்ளி மூன்றும் போய்விட்டது.
யாரும் பேசவில்லை.
நண்டறைக் கதவைத் திறக்க எனக்குத் தைரியமில்லை.

"மாத்தித் தொட்டுப் பாரேன்"
என்றான் டார்ச் பிடித்தவன், மெதுவாக,
தப்பாகச் சொல்லிவிட்டவனைப்போல.
முனையில் எழுதியிருந்த பிளஸ்
பட்டாளத்தில் எவனோ மாற்றிக் கட்டிய பிளஸ்.

மாற்றித் தொட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று.
ஓட்டினோம்.
முள் முதலில் சோம்பல் முறித்தது.
நாற்பது. தொண்ணூறு.
பிறகு ஒரே தாவலாக
இருநூற்று முப்பதில் போய் ஆடி நின்றது.
கம்ப்ரசர் முனகியது.
சுவரில் ஒரு பல்லி வெளிச்சத்துக்குப் பதறி ஓடியது.

இரண்டு பெட்டி நாறிப்போயிருந்தன, அதைச் சொல்லவேண்டும்.
மீதியைப் பார்த்தபின்தான் உட்கார்ந்தேன்.

பெட்ரோல் காசு வேண்டாமென்றாள்,
கூலியை எண்ணி வாங்கிக்கொண்டாள்.
"மாசம் ஒருக்கா லோடோட ஓட்டுங்க.
கெடப்புல போட்டா திரும்ப மறந்துரும்."
ஸ்கூட்டி கிளம்புகையில் அவன் மடியில்
கருவிப்பெட்டி, அதன்மேல் இரண்டு கிலோ நண்டு.

ததேயு போகவில்லை.
பேட்டரிமேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.
வெகுநேரம் கழித்து
"எவ்வளவுக்கு எடுத்த?" என்றான்.
விலையைக் குறைத்துத்தான் சொன்னேன்.