உள்ளூர் ஜாமீன்

இரண்டு நாள் தங்க வந்தோம்.
லாட்ஜ் பேரேட்டில் அவன்தான் எழுதினான்:
வருகையின் நோக்கம், சுற்றுலா.
அந்தப் பக்கத்தையும் பிறகு
ஜெராக்ஸ் எடுத்து வழக்கில் சேர்த்தார்கள்.

மூன்றாம் மாடி. கடல் பார்த்த அறைக்கு
எழுநூறு ரூபாய் கூடுதல்.
கடல் தெரிந்தது. அதைப் பற்றி
இப்போது வேறெதுவும் நினைவில்லை.
எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் நினைவிருக்கிறது,
அதன் அடிப்பாகம் நெளிந்தது.
கதவைத் தட்டியது பக்கத்து அறைக்காரர்களா
சாயா கொண்டுவந்த பையனா என்பதில்
சாட்சிகள் ஒத்துப்போகவில்லை.
அந்த வரியை அவன் வக்கீல்
மஞ்சள் பேனாவால் தீட்டி வைத்திருக்கிறார்.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் ஆறு தையல்.
மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டம்மா வின்சிலா
"அழாத மக்கா, சாயா ஆறிப்போவுது" என்றாள்.
பிரிவின் பழைய எண் ஊருக்கே தெரியும்.
புது எண்ணை அவள்
மேசைக் கண்ணாடிக்கு அடியில் பார்த்து எழுதினாள்.
ஓசூருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.
"அடிச்சது இஞ்சதானே?
அடிச்ச எடத்துலதான் கேஸு."
ஏழு வருடம் ஓசூரில் அடித்ததற்கு
எந்த ஸ்டேஷன் எல்லையிலும்
ஒரு காகிதம் இல்லை.

கைப்பற்றியவை: பாட்டில் ஒன்று.
தலையணை உறை ஒன்று, கறையுடன்.
படகுச் சீட்டு இரண்டு,
காற்று அதிகமென்று படகு விடாததால் கிழிக்காதவை.
அது எதற்கு என்றேன்.
உறையோடு ஒட்டியிருந்ததாம்.

பதினோராம் நாள் ஜாமீன் கிடைத்தது.
உள்ளூர்க்காரர் இருவர் வேண்டும், வீட்டுவரி ரசீதோடு.
இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்தவர்கள்
ஓர் ஆட்டோக்காரர், ஓர் இட்லிக்கடைக்காரர்.
குமாஸ்தா எங்கிருந்தோ இரண்டு பேரைக் கூட்டிவந்தார்.
தினம் பத்தரைக்குக் கையெழுத்து, முப்பது நாள்.
அதே ஊரில், கடல் தெரியாத பக்கம்,
மலிவான அறையில் கிடந்தான்.
முப்பது சூரிய உதயம் பார்த்திருப்பான்,
தூங்கியும் இருப்பான்.
தோகா வேலை போலீஸ் சான்றிதழில் நின்றது.
அவன் அம்மா போனில் சொன்னார்:
"ஊருக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல நீ."

ஓசூரில் மாலை ஏறினால் காலையில் நாகர்கோவில்.
சாட்சிக்குப் படி உண்டு.
ஒருமுறை தந்தார்கள்.
மூன்றாம் வாய்தாவுக்கு அவன் வரவில்லை.
பிடிவாரண்ட்.

நீதிமன்ற சைக்கிள் நிறுத்தத்தில் ஒருவர்
குமாஸ்தாவிடம் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தார்.
சங்குக்கடை மரியலூயிஸ்.
நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள்.
"நாந்தான் ஒங்க வீட்டுக்காரருக்கு ஜாமீன் நின்னவன்.
ஆயிரத்தைநூறு தந்தாவ.
இப்பம் பத்தாயிரம் கெட்டணும்னு நோட்டீஸ் வந்திருக்கு.
அவரு எங்க கெடக்காருன்னு தெரியுமா?"
கோபமாகக் கேட்கவில்லை.
நோட்டீஸை நான்காக மடித்து,
வரி ரசீதோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.
இத்தனை காலத்தில்
அவன் என்ன செய்வானோ என்று பயந்த
இன்னொரு மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
தளி ரோடு, மூன்றாம் குறுக்கு, அவன் தங்கை வீடு.
கோபித்துக்கொண்டால் போகிற இடம்.
பின்கோடும் போட்டேன்.
"பிள்ளைகள் உண்டா?" என்றார்.
இல்லை என்றேன்.
"நல்லது" என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரயிலுக்கு இன்னும் ஏழு மணி நேரம்.
கன்னியாகுமரி பஸ்ஸில் ஏறி
படகுத்துறைக்குப் போனேன்.
வாசலில் பலகை: காற்று அதிகம், படகு இல்லை.
காவலாளி, நாளைக்கு வாருங்கள் என்றார்.
மார்ச் பதினொன்றுக்கு வருவேன் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
அடுத்த வாய்தா அன்றுதான்.