இரண்டு மழை

முதுகெலும்பில் இருந்த கட்டியை
ஆசாரிபள்ளத்தில் எடுத்தார்கள்.
காப்பீட்டு அட்டை கொடுத்தேன், கைரேகை வைத்தேன்,
ஒரு பைசா கேட்கவில்லை.
கட்டியோடு கட்டுப்பாடும் போயிற்று.
அதற்கு அட்டையில் இடமில்லை.

வார்டில் கிடந்த பத்தொன்பது நாளும்
என் இடுப்புத்துணி அரசாங்கச் செலவு.
டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்து விழுந்த நிமிஷம்
அதே துணி, அதே நான்,
ஒன்று முப்பத்தெட்டு ரூபாய்.

தினம் மூன்று.
ஞாயிற்றுக்கிழமை நான்கு,
எங்கள் போதகருக்கு ஜெபம் நீளம்.
அண்டி ஆபீஸில் பருப்புத் தோல் உரித்தபோது
கிலோக் கணக்கில் கூலி.
இப்போதும் மனசு அப்படித்தான் கணக்குப் போடும்:
இந்த ஒரு நனைவு
எத்தனை கிலோ பருப்பு?

ஏசுவடியான் தக்கலையில்தான் வாங்குவார்.
வேர்க்கிளம்பிக் கடைப்பையன் ஆள் தெரிந்தவன்.
தினசரித் தாளில் பொதிந்து
ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில்,
ஜாக்கிக்குப் பக்கத்தில் வைப்பார்.
ஒருநாள் சவாரி ஏறிய டீச்சர்
"பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டாளாம்.
ஆமா என்றாராம்.
எங்களுக்குப் பிள்ளையே இல்லை.

திங்கட்கிழமை, நாகர்கோவில், கலெக்டர் ஆபீஸ்.
வாசலில் மனு எழுதும் பத்மதாஸிடம்
என்ன வேண்டும் என்று சொன்னேன்.
பேனா நின்றது. காதோரம் சொறிந்தார்.
"மருத்துவ உபகரணம்" என்று எழுதினார்.
உபகரணம் என்றால் சக்கர நாற்காலி தருவார்கள், வெட்டும் என்றேன்.
"சுகாதாரப் பொருள்?"
அது பினாயில்.
"பின்னே எப்பிடி எழுத?"
மூத்திரம்னு எழுதும் ஓய்,
உமக்கும் உண்டு.
எழுதினார்.
கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு.
காலையிலிருந்து சாயா இல்லை, ஒரு வாய் வெள்ளமில்லை.
எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான்,
அதற்குக் காப்பீடும் வேண்டாம்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுஷன்,
பேச்சு ராமநாதபுரம் பக்கம்.
"வீட்டு உபயோகத்துக்கு இது வராதும்மா.
ஆஸ்பத்திரியில் படுத்தால்தான்.
பழைய சேலை கிழித்து வையுங்கள்,
துவைத்துக் காயப்போட்டால்..."

சார், உங்க ஊர்ல எத்தனை மழை?
"ஒண்ணு. அதுவும் பெஞ்சா."
எங்களுக்கு ரெண்டு.
இடவப்பாதியில் தொடங்கும் ஒன்று,
ஐப்பசியில் அடுத்தது.
நடுவில் சூரியன் வந்து
கொடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
ஈரத்துணி கட்டி இடுப்பெல்லாம் புண்.
காட்டவா?

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.
மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார்,
தலைகீழாகத் தெரிந்ததால்
'மழை' மட்டும் வாசித்தேன்.

எழுந்தபோது நாற்காலி நனைந்திருந்தது.
நான்கு மணி நேரம், குடிக்காமலும் வருகிறது.
பின்னால் யாரோ மூக்கைப் பொத்தினார்கள்.
ஏசுவடியான் கக்கத்திலிருந்த தாளை உருவினார்.
விளையாட்டுப் பக்கம்.
அத்தனை பேர் முன்னால் குனிந்து
நாற்காலியை நிதானமாகத் துடைத்தார்,
சவாரி இல்லாத மத்தியானத்தில்
ஆட்டோக் கண்ணாடியைத் துடைப்பதுபோல.
மூலையில் ஒரு சொட்டு விட்டிருந்தது,
திரும்ப வந்து அதையும்.

திரும்பும்போது தக்கலையில் வண்டி நிற்கவில்லை.
வேர்க்கிளம்பியில் நின்றது.
"பொதியண்டாம் மக்கா, அப்பிடியே தா"
என்று அவர் சொன்னது
ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.
அது கடனில் வாங்கிய பாக்கெட்.

மறுவாரம் போனில் ஒரு செய்தி:
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.
மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் ஷீபா
யாரோ இறந்துபோன வீட்டில் மிச்சமிருந்த
ஆறு தந்தாள். அளவு பெரிது.
ஊசி குத்திக்கொள்கிறேன்.

இன்று மறுபடி செய்தி வந்தது.
பரிசீலனையில் உள்ளது.
ஐப்பசி பிறந்துவிட்டது.
கொடியில் ஏழு துணி,
சனிக்கிழமை போட்டது
இன்னும் சொட்டுகிறது.