இரண்டு கைப்பிடி

எங்கள் சந்தையில் எல்லா டின்களும்
வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்கும்.
கொரொகொரோ என்போம்.
ஒரு காலத்தில் சமையல் கொழுப்பு அடைத்து வந்த டின்.
இரண்டு கிலோ என்று பேர்.

ஹோமா பே படகுத்துறைக்குப் பின்னால்
தகரக்காரன் ஓகல்
பத்து ஷில்லிங்குக்கு அடியில் ஒரு தட்டு தட்டித் தருவான்.
வெளியே ஒன்றும் தெரியாது.
உள்ளே ஒரு முழங்கால் மடங்கி இருக்கும்.
அதன்மேல் சோளத்தைக் குவித்துச்
சரியச் சரியக் கொட்டலாம்,
வாங்குகிறவள் மனம் குளிர.

என் டின் அப்படி.
மூப்பர் ஒலாங்கின் டின்னும் அப்படி.
ஞாயிறு காணிக்கைப் பை பிடிக்கிற
அதே கையால்தான் அளப்பார்.

பக்கத்துக் கடை டோர்கஸ் அவினோ,
பீன்ஸ் விற்பவள்,
ஒரு செவ்வாய்க்கிழமை
டின்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்
"நிமிர்த்து" என்றாளாம்.
ஓகல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.
"பதினெட்டு வருஷமாய் உள்ளே தட்டுகிறேன்.
வெளியே தட்ட என்ன கூலி என்று
எனக்கே தெரியாதே, அம்மா."
யோசித்து இருபது வாங்கிக்கொண்டான்.

ஏன் என்று கேட்டேன்.
"ராத்திரி ஜெபிக்கக் கண்ணை மூடினேன்.
டின்தான் தெரிந்தது."
அவ்வளவுதான். பீன்ஸில் கல் பொறுக்கப் போய்விட்டாள்.

நிமிர்ந்த டின்னுக்கு
இரண்டு கைப்பிடி கூடுதலாய்ப் பிடிக்கிறது.
கட்டுபடியாக வேண்டுமே.
அட்டையில் கரியால் எழுதி வைத்தாள்:
இருநூற்றுத் தொண்ணூறு.
எங்கள் பக்கமெல்லாம் இருநூற்றறுபது.

பெண்கள் நின்றார்கள், படித்தார்கள், நகர்ந்தார்கள்.
"பக்தி ஏற ஏற விலையும் ஏறுமோ?"
என்றாள் ஒருத்தி.
நானும் சிரித்தேன்.
எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாய்.

எங்கள் டின் ஒன்றை எடுத்து
அவள் கவிழ்த்துக் காட்டியிருந்தால் போதும்.
காட்டவில்லை.
எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான்.

மழை பிடித்த வாரம்.
சாக்கு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு
கரும்பு ஆலைச் சாலையில்
செருப்பைக் கையில் பிடித்தபடி போனாள்.
பள்ளிக்கூடச் சமையல்காரி பெலிஸ்தா வீட்டுக்கு.
நாலு வருஷம், வாரம் மூன்று டின்,
டின்னுக்கு இரண்டு கைப்பிடி.
பெலிஸ்தா சாக்கைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.
"யார் செத்துப்போனார்கள்?" என்றாள்.
"யாரும் இல்லை. இது உன்னுடையது."
"இது ஒரு வருஷத்துக்குத்தானே கணக்கு வரும்?"
"ஆமாம். மீதி அறுவடைக்கு அப்புறம்."

கடன்காரியைப் போலத்தான் திரும்பி வந்தாளாம்,
புண்ணியவதியைப் போல இல்லை.
மூன்று நாள் காய்ச்சல்.
அவள் கடையை நான் பார்த்துக்கொண்டேன்.

பார்த்துக்கொண்டேன் என்றால்,
அவள் டின்னால் அளந்தேன்.
முதல் நாள் கை அறியாமல் குறைத்தது.
டின் விடவில்லை.
வாய் வரைக்கும் ஆழம்,
கிணற்றில் கொட்டுவது போல இருந்தது.
வாங்கியவன் ஒரு தச்சன்,
பையைத் தூக்கிப் பார்த்தான்,
இன்னொரு முறை தூக்கிப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் போனான்.
சனிக்கிழமை அவன் தெருவே வந்தது
என்று எழுத ஆசைதான்.
வரவில்லை. அவன் மட்டும் வந்தான்.

அவினோ எழுந்து வந்துவிட்டாள்.
விலை அட்டை மழையில் நனைந்து
தொண்ணூறு மங்கியிருக்கிறது;
அதன்மேலேயே மறுபடி எழுதினாள்.

என் டின்னைப் பற்றிக் கேட்பீர்கள்.
இன்னும் எக்கிக்கொண்டுதான் நிற்கிறது.
ஓகலிடம் போக வெட்கம்;
அவன் ஊரெல்லாம் சொல்லுவான்.
அளந்து முடித்ததும்
கையால் அள்ளி
ஒரு முறை போடுகிறேன்,
அவள் பக்கம் பார்க்காமல்
இன்னொரு முறை.

கொசுறு என்று நினைத்து
நன்றி சொல்லுகிறார்கள்.
அந்த நன்றியை எங்கே வைப்பது என்றுதான்
எனக்குத் தெரியவில்லை.