ஆறு எலுமிச்சைகள்

கோதென்பர்க் நகரில்
விற்கப்போகும் வீடுகளுக்கு
வேடம் கட்டுவது என் வேலை.

சாம்பல்நிற சோபா ஒன்று, விளக்கு இரண்டு,
யாரும் படுக்காத கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு,
சமையல் மேடையில் கண்ணாடிக் கிண்ணம்,
அதில் ஆறு எலுமிச்சைகள்.
ஏன் ஆறு என்று தரகர் ஹாம்புஸிடம் ஒருமுறை கேட்டேன்.
ஐந்து வைத்தால்
ஒன்றை யாரோ பிழிந்துவிட்டதுபோல் இருக்குமாம்.

வட்டி தரையோடு கிடந்த வசந்தத்தில்
வியாழனன்று வைத்த பழத்தைத்
திங்களன்று திரும்ப எடுத்துவிடுவேன்.
மயூர்னாவில் இரண்டு அறை,
லிப்ட் இல்லாத நாலாவது மாடி.
நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிய கால்கள்
இரண்டாம் மாடிவரை வரிசையில் நின்றன.
குறுஞ்செய்தியில் ஏறியது விலை,
முதலில் பத்தாயிரம் பத்தாயிரமாக,
பிறகு பொறுமை கெட்டு ஐம்பதாயிரமாக.
ட்ராம் ஓட்டுகிற ஹப்தோம்
கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக்
கைபேசியைத் திறந்தபோது
ஒன்பதாவது வீடும் போயிருந்தது.
அந்த எலுமிச்சைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்
மீனுக்குப் பிழிந்தேன்.
முழங்கைவரை வழிந்தது சாறு.

இப்போது நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது.
செய்தித்தாள்கள் சொல்கின்றன:
சந்தை மூச்சு வாங்குகிறது,
சந்தை நிதானத்துக்கு வருகிறது.
விழுந்தது என்ற சொல்லை மட்டும்
வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

பார்டில்லேயில் ராங்ஹில்டின் வீடு.
எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு.
புதியதை வசந்த விலைக்கு வாங்கிவிட்டுப்
பழையதைக் குளிர்கால விலைக்கு விற்க வந்திருக்கிறாள்.
இரண்டு கூரை, இரண்டு கடன்,
சம்பளம் ஒன்றே ஒன்று.
எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தேன்.
தன் வீட்டிலேயே
ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள்.
இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டுக்காரர்,
சும்மா பார்க்க.
மூன்றாம் வாரம் ஒரு பழத்தின் அடியில் பச்சைப் பூசணம்.
திருப்பி வைத்தேன்.
பிறகு ஆறையும் மாற்றினேன்.
பிறகு இன்னொரு முறை.
முப்பத்தெட்டு லட்சம் குரோனா
முப்பத்தாறரை ஆனது.

டிசம்பர் முதல் ஞாயிறு ஹப்தோம் வந்தான்.
வரிசை இல்லை, அவன் ஒருவன்தான்.
தோற்றுத் தோற்றுப் பார்க்கக் கற்றிருந்தான்:
குளியலறைக் குழாயைத் திறந்து முகர்ந்தான்,
குடியிருப்போர் சங்கத்துக்கு எவ்வளவு கடன் என்று கேட்டான்,
ஜன்னல் சட்டத்தை நகத்தால் கீறினான்.
கடைசியில் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து
அழுத்திப் பார்த்தான்.
இது நிஜமா?

நிஜம்தான், என்றேன்,
நாலாவது தடவை வாங்கியது.

வாயிலிருந்து போனது போனதுதான்.
அவன் சிரிக்கவில்லை.
பழத்தை இருந்த இடத்திலேயே வைத்தான்.
அன்று இரவு வந்த குறுஞ்செய்தியில்
முப்பத்திரண்டு இருந்தது.
எதிர்த்து இன்னொரு எண் வரவில்லை.

வேஸ்னா, எங்கிருந்து வந்தது இவனுக்கு இந்தத் துணிச்சல்,
என்று கேட்டார் ஹாம்புஸ்.
நான் விளக்கின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ராங்ஹில்ட் கையெழுத்திட்டாள்.
எலும்பு முறிந்த படத்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவள்போல்
தாளைக் கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடித்தாள்.
ஹப்தோமும் ஒரு கணக்கு போட்டான்:
விலை இறங்கியிருக்கிறது,
மாதத் தவணை இறங்கவில்லை.
வசந்தத்தில் ஜெயித்திருந்தாலும்
இதே தொகைதான்.
ட்ராம் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியதை
என்னிடம் காட்டினான்,
நான் ஏதோ திருத்திக் கொடுப்பேன் என்பதுபோல.

சோபாவை ஏற்றிய பிறகு
கிண்ணத்தை எடுக்கப் போனேன்.
ஐந்து.
தொட்டியில் ஒரு தேநீர்க் கோப்பை,
இன்னும் லேசாகச் சூடு,
அடியில் ஒட்டிய
இரண்டு வெள்ளை விதைகள்.